நேர்ஸம்மா படுத்த பத்தொன்பது மாதம்

2022 மார்ச் 10, வியாழக்கிழமை, காலை ஆறேகால். குசினியில் அம்மாவின் கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை விழுந்து உடைந்தது. கோப்பை உடைவது பெரிய விசயமில்லை. விழுந்தது தெரியாதவர் மாதிரி அவர் இடது கையால் சீனிப் போத்தலை மூடிக்கொண்டு நின்றாரே, அதுதான் இன்றுவரை என் கண்ணுக்குள் நிற்கிறது. "என்னம்மா?" என்றேன். "ராத்திரி நித்திரை இல்லை" என்றார். நாக்குத் தடித்த மாதிரி இருந்தது குரல். முப்பத்தாறு வருசம் வோர்ட்டில் நின்றவர், அவரே நித்திரை இல்லை என்று சொன்ன பிறகு நான் என்ன கேட்பது? கோப்பைத் துண்டுகளைக் கூட்டி அள்ளினேன், அவரைக் கட்டிலில் படுக்கவிட்டேன், ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டேன். படிப்பிக்கிற வேலை எனக்கு. இரண்டு மணிக்கு வந்து பார்த்தால் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

இதை எழுதுவதற்கு முதல் காரணம் அந்த ஏழே முக்கால் மணித்தியாலம்தான். மூளைக்குப் போகிற இரத்தக்குழாய் அடைபட்டு வருகிற பாரிசவாதத்துக்கு, அந்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அதற்கும் முதல் சி.ரி. ஸ்கேன் எடுத்து உள்ளே இரத்தக்கசிவு இல்லை என்று பார்க்க வேண்டும். எல்லாருக்கும் அந்த ஊசி சரிவராது, எல்லா ஆஸ்பத்திரியிலும் அது இருக்காது, இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் எங்களுக்குப் பத்தே முக்கால்வரை நேரம் இருந்தது. அந்த நேரம் நான் ஒன்பதாம் வகுப்புக்குப் புணர்ச்சி விதி நடத்திக்கொண்டிருந்தேன். ஆகவே சொல்கிறேன். ஆருக்கும் திடீரென்று கை சோர்ந்தால், கதை குழறினால், சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். வாய் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். ஒன்று கீழே இறங்குகிறதா? ஒரு வசனத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்று பிழைத்தாலும் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொண்டு 1990க்கு அடியுங்கள். அது இலங்கை அரசாங்கத்தின் சுவசெரிய அம்புலன்ஸ், காசு கட்டத் தேவையில்லை. நான் பக்கத்துச் சந்தியில் ஓட்டோ தேடி ஓடினேன், அந்தக் கிழமை பெற்றோல் கியூவில் நிற்காத ஓட்டோவே ஊரில் இல்லை. தண்ணி பருக்க வேண்டாம், பிரஷர் குளிசையோ அஸ்பிரினோ கொடுக்க வேண்டாம், விரல் நுனியில் ஊசியால் குத்தச் சொல்கிற ஆட்களை வாசலோடு மறியுங்கள். ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி, "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தவ?" என்பதுதான். விழுந்து கிடந்ததைக் கண்ட நேரத்தைக் கேட்கவில்லை. நல்லாக இருந்த நேரம். எனக்கு அது தெரிந்திருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது.

அம்மா ஆர் என்று கொஞ்சம் சொல்ல வேணும், இல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது. மலையகத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் 1954ல் பிறந்தவர். லுத்தரன். திருகோணமலையில் இதைச் சொன்னால், "அதென்ன, மெதடிஸ்தா?" என்று கேட்பார்கள், இங்கே வேர்விட்டது மெதடிஸ்தமும் கத்தோலிக்கமும்தானே. லுத்தரன் என்றால் அம்மாவுக்குத் தரங்கம்பாடி. 1706 ஆடி மாதம் சீகன்பால்க் என்ற ஜெர்மன்காரர் அங்கே கப்பலில் வந்து இறங்கித் தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்த கதையை ஏதோ தன் சொந்தப் பெரியப்பா செய்த மாதிரிச் சொல்வார். அந்தப் பக்கத்துச் சனம் தேயிலைக்கு வந்தபோது அவர்களோடு அந்தச் சபையும் மலையேறியது. அம்மாவின் அப்பாவுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்திருந்தது. அதனால்தான் அம்மாவுக்கு அரசாங்க உத்தியோகம். கிடைக்காத வீடுகள் அதே லயத்தில் எத்தனையோ. தாதியர் பயிற்சி முடித்து 1978ல் இங்கே நியமனம். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த எங்கள் அப்பாவைக் கட்டி இங்கேயே நின்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்த கோயிலுக்குப் போவார், பாடுவார், பின்னேரம் சிறுபிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளிக்கூடமும் எடுப்பார். ஆனால் வருசத்துக்கு இரண்டு தரம் கண்டி பஸ் ஏறி, அங்கிருந்து மேலே போய்த் தன்னுடைய சபையில் திருவிருந்து எடுத்தால்தான் அவருக்கு மனம் ஆறும். அப்பத்தோடும் ரசத்தோடும் ஆண்டவர் மெய்யாகவே இருக்கிறார் என்பதில் அவர் ஒரு சொல்லும் விட்டுக்கொடுக்கமாட்டார். போதகருடன் சண்டை பிடித்ததாகவும் கேள்வி.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி. கோயிலுக்குக் கட்டின சேலையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினவர் மூன்றாம் நாள்தான் வீட்டுக்கு வந்தார். அந்தச் சேலையைத் துவைத்து மடித்து வைத்தார், பிறகு கட்டவே இல்லை. 2006ல் சண்டையில் மூதூர்ச் சனம் இடம்பெயர்ந்தபோதும் அப்படித்தான். 2014ல் பென்சன் எடுத்த பிறகு ஒவ்வொரு வியாழனும் பிரஷர் பார்க்கிற மெஷினும் சீனி பார்க்கிற மெஷினும் ஒரு பிரம்புக் கூடையில் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவார். கடற்கரைப் பக்கம் ஒரு ஒழுங்கை, பாலையூற்றில் இரண்டு வீடு, பிறகு உப்புவெளி. சீனி வருத்தத்தில் கால் புண் வந்த மீன்காரர்களுக்குத் தரையில் சம்மணம் போட்டிருந்து மருந்து கட்டுவார். ஏனம்மா இந்த வயதில் என்று கேட்டால், "தேவனுக்கு எங்கட நல்ல வேலை ஒண்டும் தேவையில்லை பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் தேவை" என்பார். அந்தக் காலத்துப் போதகர் ஒருவர் சொல்லிக்கொடுத்ததாம்.

இவ்வளவும் செய்தவரின் சொந்தக் கிளினிக் கொப்பியை அவர் விழுந்த அடுத்த நாள் அலுமாரியில் தேடி எடுத்தேன். கடைசி முத்திரை 2020 பெப்ரவரி. கொரோனாவோடு கிளினிக் நின்றது, பிறகு அவர் போகவேயில்லை. பிரஷர் குளிசை அட்டையில் பாதி அப்படியே கிடந்தது. ஈ.சீ.ஜீ. எடுத்த டொக்டர், இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கிறது, அங்கே கட்டின இரத்தக் கட்டிதான் மூளைக்குப் போயிருக்கிறது, கனகாலமாக இருந்திருக்கும் என்றார். ஊரிலிருக்கிற எல்லாருடைய நாடியையும் பிடித்துப் பார்த்தவர்! வீட்டில் ஒரு நேர்ஸோ டொக்டரோ இருந்தால், தயவுசெய்து அவர்களை நோயாளியாகப் பாருங்கள். அவர்களுக்குக் கிளினிக் திகதி இருக்கிறதா, குளிசை முடிகிறதா என்று பாருங்கள். ஐம்பது வயதுக்கு மேல் உள்ளவரின் மணிக்கட்டில் விரலை வைத்து அரை நிமிடம் எண்ணுங்கள். துடிப்பு தாளம் தப்பித் தப்பி வந்தால் ஒரு ஈ.சீ.ஜீ. எடுக்கச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாங்கள் கதைப்பது பாதி விளங்கியது, பதில் வரவில்லை. மூக்கு வழியாகச் சாப்பாட்டு ரியூப், கீழே சலம் போகக் கதீற்றர். பதின்மூன்றாம் நாள் காலையில் டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டில் தேவை, அடுத்த நோயாளி வாசலில், அது எனக்கு விளங்கியது. ஆனால் ரியூப்பால் எப்படிச் சாப்பாடு கொடுப்பது என்று ஒரு நேர்ஸ் மிஸ் போகிற வழியில் ஒரு தரம் காட்டினார், நானும் தலையாட்டினேன். நேர்ஸின் மகள் என்று அவர்களும் நினைத்தார்கள், எனக்கே தெரியும் என்று நானும் நினைத்தேன். அந்தத் தலையாட்டலுக்கு எட்டு நாள் விலை கொடுத்தேன். துண்டு கையில் வருவதற்கு முதல், அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க உங்கள் கையால் இரண்டு தரம் செய்து காட்டுங்கள். ரியூப்பில் மூக்கு வாசலோடு எந்த அடையாளம் நிற்கிறது என்று பார்த்து எழுதுங்கள். அது வெளியே வந்திருந்தால் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். தலைமாடு உயர்ந்திருக்க வேணும், பாதி இருந்த நிலை. கொடுத்த பிறகும் ஒரு மணித்தியாலம் அப்படியே. கதீற்றர் எப்போது மாற்றுவது, பிசியோவுக்கு எப்போது வருவது, ரியூப் கழன்றால் எங்கே வருவது, இவ்வளவையும் வீட்டுக்கு விடும்போது தருகிற டயக்னோசிஸ் கார்ட்டின் பின்பக்கத்தில் எழுதுவித்து வாங்குங்கள்.

எட்டு நாள் என்று சொன்னேனே. வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் அப்பாவின் பக்கத்து மாமி ஒருவர் வந்தார். "பிள்ளை, வாய் காய்ஞ்சு கிடக்கிறா, ரெண்டு கரண்டி கஞ்சி வாயால குடு, பாவம்" என்றார். எனக்கும் பாவமாக இருந்தது. கொடுத்தேன். இருமினார். மாமி முதுகைத் தட்டிவிட்டார். அடுத்த நாள் இரவு காய்ச்சல், மூச்சுக்குள் கரகரவென்று சத்தம். கஞ்சி நெஞ்சுக்குள் போய் நியூமோனியா. பாரிசவாதம் வந்தவருக்கு விழுங்குகிற தசையும் சோர்ந்திருக்கும், விழுங்க முடிகிறதா என்று அதற்கென்று படித்தவர் சோதித்துச் சொல்லும்வரை வாயால் ஒன்றும் கூடாது. வாய் காய்ந்தால் பஞ்சை நனைத்துப் பிழிந்து உதட்டையும் நாக்கையும் துடைக்கலாம், அவ்வளவுதான். திரும்ப எட்டு நாள் வோர்ட். அந்த வருசம் மருந்துத் தட்டுப்பாடு, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தந்த மருந்துகளும் ஓட்டோவுமாக 38,000 ரூபாய்.

அடுத்தது படுக்கைப் புண். இதைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கொப்பி எழுதலாம். காத்து மெத்தை 22,000க்கு வாங்கியிருந்தேன், மோட்டர் காற்றை மாற்றி மாற்றி அடிக்கிற மெத்தை. அதை வாங்கியதோடு என் கடமை முடிந்தது என்ற நினைப்பு. அந்த ஏப்ரலில் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டினார்கள், ஞாபகம் இருக்கும். மோட்டர் நின்றால் மெத்தை சப்பட்டை, அம்மாவின் முழுப் பாரமும் பலகையில். இருட்டில் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு திருப்பிவிடுவேன், பிறகு கதிரையிலேயே நித்திரையாகிவிடுவேன். ஒருநாள் காலையில் துடைக்கும்போது முதுகெலும்பு முடிகிற இடத்தில் ஒரு ரூபாய்க் குற்றி அளவு சிவப்பு. பெருவிரலால் அழுத்தினேன். சாதாரணச் சிவப்பு அழுத்தினால் வெளுத்து, எடுத்தால் திரும்பச் சிவக்கும். இது வெளுக்கவேயில்லை. அதன் அர்த்தம் தெரியாமல் எண்ணெய் பூசி நன்றாகத் தேய்த்துவிட்டேன், பவுடர் போட்டேன், நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையம் வாங்கி வைத்தேன். மூன்றுமே பிழை. தேய்த்தால் உள்ளே நைந்த சதை இன்னும் நையும், வளையம் சுற்றிவர இரத்தத்தை மறிக்கும். நாலாம் நாள் தோல் உரிந்தது. பத்தாம் நாள் என் சுண்டுவிரல் நுனி போகிற பள்ளம். அது ஆற நாலு மாதமும் 45,000 ரூபாயும் போனது.

செய்ய வேண்டியது இதுதான். மெத்தை என்ன மெத்தையாக இருந்தாலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் திருப்ப வேண்டும். முழுசாகப் பக்கவாட்டில் நிமிர்த்தத் தேவையில்லை, முதுகுக்குப் பின்னால் ஒரு தலைகாணி கொடுத்துச் சாதுவாகச் சரித்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று வைத்துக் குதிக்கால் கட்டிலில் முட்டாமல் தொங்க வேண்டும். இழுக்காமல் விரிப்போடு தூக்கி நகர்த்துங்கள், இழுக்கிற ஒவ்வொரு தரமும் தோல் கிழிகிறது. ரியூப்பில் வெறும் கஞ்சித் தண்ணியும் இளநீரும் ஊற்றினால் புண் ஆறாது. என்ன கொடுக்கலாம் என்று கிளினிக்கில் கேட்டு முட்டை, பால், பருப்பு என்று புரதம் போக வேண்டும். நான் சுவரில் மணிக்கூடு வரைந்து எந்த நேரம் எந்தப் பக்கம் என்று எழுதி ஒட்டினேன். புண் வந்த பிறகு.

பெம்பர்ஸ் மாற்றுவது பற்றி ஆரும் வெளியில் கதைப்பதில்லை. நான் கதைக்கிறேன். முதல் நாள் அழுதேன், அம்மா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கும் வெட்கம், எனக்கும் வெட்கம். அம்மா ஒருமுறை சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. ஒரு தகப்பன் பிள்ளையின் பீத்துணியைக் கழுவினால் ஊர் சிரிக்கும், ஆனால் அதை அவன் விசுவாசத்தோடு செய்தால் கடவுளும் தூதர்களும் சந்தோசத்தில் சிரிப்பார்கள் என்று அம்மாவின் சபையைத் தொடக்கின மார்ட்டின் லூத்தர் எழுதினாராம். பிறகு தேடிப் பார்த்தேன், மெய்தான், 1522ல் எழுதியிருக்கிறார். அவர் கலியாணம் கட்டியது 1525ல். ஒரு பீத்துணியும் கழுவிப் பாராமல் எழுதின மனுசன்! அம்மாவின் காதுக்குள் இதைச் சொன்னேன். விழுந்த பிறகு முதல்தரமாக அவர் சிரித்தார், பாதி வாயால். அன்றையிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் வெட்கம் போய்விட்டது. காசு விசயத்தில் சொல்வதென்றால் ஒன்று 120 ரூபாயாக இருந்தது அந்த வருசம் 250க்கு ஏறியது. பகலில் பழைய பருத்திச் சேலையை மடித்து விரித்தும் இரவில் மட்டும் பெம்பர்ஸ் போட்டும் சமாளித்தேன். புண்ணுக்கும் அதுதான் நல்லது.

காசு என்றால் அம்மாவின் பென்சன் மாதாமாதம் வங்கிக்கு வந்துகொண்டுதான் இருந்தது. எடுக்க முடியவில்லை. கணக்கு அவர் பெயரில் மட்டும், பாஸ் புத்தகம், கார்ட் இல்லை. கையெழுத்துப் போடுகிற கை விழுந்துவிட்டது, வாயால் சம்மதம் சொல்லவும் முடியாது. பெருவிரல் அடையாளம் வைக்க அதிகாரி வீட்டுக்கு வர வேண்டும், அதற்கு மருத்துவக் கடிதம், அதற்கு மேலிடத்து அனுமதி, கடிதம் இங்கிலீசில் இல்லை, திகதி பழசு. ஏழு கிழமை. ஏழு கிழமையும் வீட்டில் அம்மாவின் காசு இல்லாமல், அம்மாவின் காப்பு இரண்டை அடகு வைத்து அம்மாவைப் பார்த்தேன். வங்கியில் இருந்தவர்கள் கெட்டவர்களில்லை, ஆனால் ஒவ்வொரு தரமும் ஒரு புது ஆள் இருந்தார், ஒவ்வொரு தரமும் கதையை முதலிலிருந்து சொன்னேன். உங்கள் அம்மா அப்பா நல்லாக நடமாடுகிற இன்றைக்கே கூட்டுக் கணக்காக மாற்றுங்கள், இருவரில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்ற வகையாக. "என்ட காசில கண் வைக்கிறாய்" என்று ஒரு நாள் கோபிப்பார்கள், பரவாயில்லை. வருசாவருசம் கொடுக்கிற உயிர்வாழ்ச் சான்றுக்கு, படுக்கையில் இருக்கிறார் என்று கிராம சேவகரிடம் முன்கூட்டியே சொன்னால் அவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். எங்களுடையவர் வந்தார், அம்மா அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

ஓம், அந்தப் பழக்கம் போகவில்லை. நல்லாக இருந்த இடது கையால், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆர் இருந்தாலும் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து, மூன்று விரலை வைத்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். எண்ணினாரா, சும்மா பிடித்தாரா, தெரியாது. அரை நிமிடம் சரியாகக் கழிய விட்டுவிடுவார்.

இனி நான் விட்ட பெரிய பிழை. முதல் மூன்று மாதமும் ஒருவரையும் உள்ளே விடவில்லை. அண்ணா கனடாவில், வட்ஸப்பில் "அம்மாவைக் காட்டு" என்பான், காட்டுவேன், அழுவான், வைப்பான், மாதம் முடிய காசு போடுவான். அவனைக் குறை சொல்லவில்லை, ஆனால் அவன் அழுது முடிய நான்தான் பெம்பர்ஸ் மாற்ற வேண்டியிருந்தது. கோயில் ஆட்கள் வந்து "ஏதும் வேணுமோ பிள்ளை?" என்று கேட்டபோதெல்லாம், "இல்லை, சமாளிக்கிறன்" என்றேன். ஊரெல்லாம் ஓடிப் போய்ப் பார்த்தவரின் மகள் ஊரிடம் கையேந்துவதா என்று ஒரு வீம்பு. ஏந்தாத கைக்குக் காசு கொடுத்து ஆள் பிடித்தேன். பேப்பரில் விளம்பரம் போட்ட ஒரு ஏஜென்சி 30,000 கமிஷனை முதலே வாங்கிக்கொண்டு ஒரு பிள்ளையை அனுப்பியது. நாலாம் நாள் அந்தப் பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்குப் போனது. அவளுக்கு நோயாளியைத் தொட்டுப் பழக்கமே இல்லை, கடைக்கு வேலை என்று சொல்லிக் கூட்டிவந்தார்களாம். காசு திரும்பி வரவில்லை, போனும் எடுக்கவில்லை. ஆள் வைப்பதானால் ஒரு மாதம் நின்ற பிறகுதான் கமிஷன், போனால் பதில் ஆள் தர வேண்டும், இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். ஆளிடம் முதல் நாளே ஒரு தரம் நோயாளியைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். இதற்கு மேலே, கையைக் காலைப் பிடித்துவிட்டால் நாற்பது நாளில் நடக்கும் என்ற ஒருவருக்கு 12,000. நாற்பது நாளும் போனது. சீ.ஆர். கொப்பியில் கணக்கு இருக்கிறது. முதல் மூன்று மாதச் செலவு 4,12,000. பிறகு புண்ணுக்குப் போன மிச்சத்தையும் சேர்த்து ஒன்றேகால் லட்சம் என்னுடைய மடத்தனத்துக்கு.

ஜூன் மாதம், எண்ணெய் இல்லாமல் பள்ளிக்கூடமும் பூட்டிக் கிடந்த ஒரு சனிக்கிழமை. கதவைத் தட்டினது கிண்ணியாவிலிருந்து ஒரு தாத்தா, முஸ்லிம் ஆட்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அறுபது வயதிருக்கும். பஸ் இல்லாமல் ஒரு மீன் லொறியில் ஏறிப் பாலத்தால் வந்திருக்கிறார். அந்தப் பாலம் 2009ல் வந்தது. அதற்கு முதல் பாதை என்கிற மிதவைப் படகில்தான் கடக்க வேணும். அந்தப் பாதைக்குக் காத்து நின்ற ஒரு இரவில் இவருக்குப் பிள்ளைவலி கண்டிருக்கிறது. அந்த நேரம் லீவில் கிண்ணியாவுக்கு ஆரையோ பார்க்கப் போயிருந்த அம்மா, கரையில் ஒரு பாயைப் பிடிக்கச் சொல்லிப் பிள்ளையை எடுத்தாராம். இந்தக் கதையை எனக்கு அம்மா சொன்னதேயில்லை. "மிஸ் விழுந்தது எனக்கு நேத்துத்தான் தெரியும்" என்றார். வழக்கம்போல "நான் சமாளிக்கிறன்" என்று தொடங்கினேன். அவர் கேட்கவில்லை. முக்காட்டை இறுக்கிக்கொண்டு, கை கழுவ எங்கே தண்ணி என்று கேட்டார். "நீங்க போய்க் குளிச்சிட்டுப் படுங்க மகள். நான் இரிக்கன். எப்ப திருப்போணும், அத மட்டும் சொல்லுங்க." ஆறு மணித்தியாலம் நித்திரை கொண்டேன். எழும்பி வந்தால் அம்மாவின் தலை வாரிப் பின்னியிருந்தது. மூன்று மாதத்தில் நான் ஒருநாளும் தலை பின்னிவிடவில்லை, முடிச்சுப் போட்டுத்தான் வைத்திருந்தேன்.

அடுத்த நாள் கோயிலுக்குப் போய், ஆராதனை முடிய வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. "உதவி வேணும்" என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் வரமாட்டார்கள், அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. "செவ்வாய்க்கிழமை ரெண்டு மணியில இருந்து நாலு மணிவரை வந்து அம்மாவோட இருக்க ஏலுமோ? ஒருக்கா திருப்பினாப் போதும், நான் காட்டித் தாறன்" என்று கேட்டால் வருவார்கள். வர ஏலாதவர்களிடம் வேறு வேலை கேட்டேன். ஒருவர் கிளினிக் நாளில் மருந்து எடுத்துவந்தார், ஒருவர் துணி துவைக்கக் கொண்டுபோனார். அம்மாவின் பழைய வோர்ட் முறையில் காலை, பின்னேரம், இரவு என்று கோடு போட்டு டியூட்டி ரோஸ்டர் எழுதிக் கதவில் ஒட்டினேன். பதினொரு பெயர். கால் புண் ஆறின மீன்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமை இரவுக்குத் தன் பெயரைத் தானே எழுதிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை வந்த இரண்டு அன்ரிமார் சும்மா இருக்க ஏலாமல் ஒரு பழைய ஞானப்பாட்டை முணுமுணுத்தார்கள். இரண்டாம் அடியில் அம்மா சேர்ந்து பாடினார். தண்ணி என்ற சொல் வராத வாயிலிருந்து முழு அடியும், எழுத்துப் பிசகாமல். நான் குசினியிலிருந்து கையில் கரண்டியோடு ஓடி வந்தேன். பேச்சுப் பயிற்சி கொடுத்தவரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. பேச்சு பெரும்பாலும் மூளையின் இடது பக்கம், ராகத்தில் வலது பக்கத்துக்கும் பங்குண்டு, பேச முடியாத பலர் பாடுவார்கள் என்றார். "தண்ணி வேணும்", "நோகுது", "திருப்பு" என்று மூன்றை அம்மாவுக்குத் தெரிந்த ராகத்தில் போட்டுத் தினமும் பாடச் சொன்னார், அவருடைய இடது கையைத் தொடையில் தட்டித் தாளம் போட வைத்து. இரண்டு மாதத்தில் "நோகுது" வந்தது. புண்ணில் மருந்து கட்டும்போது என்னைப் பார்த்து ராகத்தோடு "நோகுது" என்பார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஆரும் உங்களிடம் இதைச் சொல்லாவிட்டாலும், பேச்சுப் போனவருக்கு முதல் கிழமையிலேயே பழக்கமான பாட்டைப் பாடிப் பாருங்கள், தேவாரமோ கீர்த்தனையோ சினிமாப் பாட்டோ. நான் மூன்று மாதம் அந்த அறையில் றேடியோகூடப் போடவில்லை.

2023 ஒக்டோபரில், ஒரு விடியப்புறம், நித்திரையில் போனார். அவருடைய சபையிலிருந்து ஒரு போதகர் அதற்கு முந்தின மாதம்தான் மலையிலிருந்து இறங்கி வந்து கட்டிலருகில் திருவிருந்து கொடுத்திருந்தார். நனைத்த அப்பத்தில் ஒரு பொட்டு, விழுங்கலாம் என்று அதற்குள் சொல்லியிருந்தார்கள். வீட்டில் நடந்த மரணம் என்றால் முதலில் கிராம சேவகருக்கு அறிவிக்க வேண்டும், அவருடைய அறிக்கையோடுதான் பதிவாளரிடம் பதிவு. கிளினிக் கொப்பியும் டயக்னோசிஸ் கார்ட்டும் கையில் இருந்ததால் எங்களுக்கு இழுபடவில்லை. மரணச் சான்றிதழ் எடுக்கும்போது ஒன்றுக்குப் பதிலாக ஐந்து பிரதி எடுங்கள். பிரதேச செயலகத்துப் பென்சன் பகுதிக்கு உடனே அறிவியுங்கள். பிந்தினால் கூடுதலாக வந்த மாதப் பென்சனைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயரும் ஞானஸ்நானப் பத்திரத்தில் இன்னொன்றும் இருந்ததற்கு நான் பட்ட பாடு தனிக் கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

காத்து மெத்தையை விற்கவில்லை. அது இதுவரை மூன்று வீடு மாறிவிட்டது, இப்போது பாலையூற்றில் ஒரு ஐயாவுக்குக் கீழே கிடக்கிறது. மோட்டர் இரவில் சத்தம் போடுகிறது, நித்திரை இல்லை என்று அவருடைய மருமகள் நேற்று போன் எடுத்தாள். மோட்டரைத் தலைமாட்டில் வைக்காமல் கால்மாட்டில் கொழுவி, கீழே ஒரு துவாயை மடித்து வைக்கச் சொன்னேன். எத்தனை மணிக்கு ஒரு தரம் திருப்புகிறாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு அப்படியே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பிரம்புக் கூடையின் பிடி கழன்றுவிட்டது, கம்பி போட்டுக் கட்ட வேணும்.